வெள்ளிக்கிழமை வர வேண்டாம்

ஜூன் 2

வாலுவின் அப்பாவுக்கு,

நலம் என்று எழுதக் கை வரவில்லை. இங்கே போன் தரமாட்டார்கள், கடிதம்தான். இந்தப் போதை மறுவாழ்வு மையத்தில் சேர்ந்து பன்னிரண்டு நாளாகிறது. நடுக்கம் நின்றுவிட்டது, சாப்பாடு உள்ளே தங்குகிறது. பயம்தான் போகவில்லை.

நீங்கள் அனுப்பிய படம் வந்தது. விழுந்த முன்பல் இருந்த இடத்தை நாக்கால் துழாவிக்கொண்டு நிற்கிறாள் வாலு. பெற்றவளுக்கு உருக வேண்டாமா? பழைய பஸ் டிக்கெட்டைப் பார்ப்பதுபோல் பார்த்தேன். பிள்ளைப் பாசமே செத்துப்போய்விட்டதோ என்று பதறி டாக்டரிடம் ஓடினேன்.

"பாசம் எங்கேயும் போகலம்மா. நல்லது ஏதாவது நடந்தா மூளையில டோபமைன் கொஞ்சமா சுரக்கும். 'இதை மறக்காதே, மறுபடி தேடு'ன்னு சொல்லும். நீங்க போட்டுக்கிட்ட ஊசி அதைக் கொட்டு கொட்டுன்னு கொட்ட வச்சிடுச்சு. தாங்காம மூளை காதைப் பொத்திக்கிச்சு. இப்போ பிள்ளை கூப்பிட்டாலும் கேக்கல. மாசக்கணக்குல ஆகும், ஆனா கேக்கும்" என்றார்.

நர்சிங் பரீட்சையில் இதே கேள்விக்கு மூன்று பக்கம் எழுதியவள் நான். அப்போது அது யாருடைய மூளையோ!

ஆபரேஷன் முடிந்து என் வார்டுக்கு வந்த ஒரு தச்சர் அலறியது இன்னும் காதில் இருக்கிறது. அவர் வலிக்குத் தர வேண்டிய ஊசி என் தொடையில் இறங்கியிருந்தது.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
நர்சம்மா

*

ஜூன் 7

நர்சம்மாவுக்கு,

உன் கடிதத்துக்கு ஆறுதலாக நாலு வரி எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்குள் இது நடந்துவிட்டது.

நாலாம் தேதி காலையில் வாலு பொம்மையைப் படுக்கவைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். கையில் நிஜமான மருந்துக் குப்பி. "அம்மா கோட்டுப் பையில இருந்துச்சுப்பா. பொம்மைக்கு ரொம்ப வலிக்குதாம், இதை உடைச்சுக் குடு" என்கிறாள்.

இருபது மாடி லிஃப்ட் குழியில் தொங்கிக்கொண்டு வேலை பார்த்தவன் நான். அங்கெல்லாம் வராத பயம் என் வீட்டுக் கூடத்தில் வந்தது. "கண்ணு, அப்பாகிட்ட குடு" என்று கெஞ்சி வாங்கினேன்.

மூன்று நாளாக வேலைக்குப் போகவில்லை. மெத்தையைக் கிழித்துப் பார்த்துவிட்டேன், அரிசி டப்பாவைக் கொட்டிப் பார்த்துவிட்டேன். பிள்ளை எதைத் தொட்டாலும் கத்துகிறேன். அவள் என்னைப் பார்த்தே பயப்படுகிறாள்.

கோபத்தில் கேட்கவில்லை, கும்பிட்டுக் கேட்கிறேன். இன்னும் எங்கே ஒளித்து வைத்திருக்கிறாய்?

இப்படிக்கு,
வாலுவின் அப்பா

*

ஜூன் 11

வாலுவின் அப்பாவுக்கு,

குளியலறைக் கண்ணாடிக்குப் பின்னால், பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருக்கிறேன். ஒன்று. அவ்வளவுதான், வேறு இல்லை. என்மேல் ஆணை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், அருவருப்பாக இருந்தால் மன்னியுங்கள். உங்கள் கடிதத்தில் 'குப்பி' என்ற சொல்லைப் படித்ததும் என் வாயில் எச்சில் ஊறியது. பிள்ளை கையில் என்று எழுதியிருந்ததை அதற்குப் பிறகுதான் படித்தேன். மருந்துகூட வேண்டாம், அதன் பேரே போதும், மூளை எழுந்து உட்கார்ந்துவிடும் என்கிறார் டாக்டர். கடைசி ஆறு மாதம் ஊசியில் எனக்கு எந்தச் சுகமும் இல்லை. வேண்டும், வேண்டும் என்பது மட்டும்தான் மிச்சம்.

பிள்ளையைத் திட்டாதீர்கள்.

உங்கள்
நர்சம்மா

*

ஜூன் 16

நர்சம்மாவுக்கு,

நீ சொன்ன இடத்தில் சொன்னபடி ஒன்று இருந்தது. இரண்டு குப்பியையும் நீ வேலை பார்த்த ஆஸ்பத்திரி மேட்ரனிடம் ஒப்படைத்துவிட்டேன். முதல் தடவையாக உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

உன் டாக்டர் போன் செய்தார். நீ விரும்பினால் வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வரலாமாம். வாலுவிடம் சொல்லிவிட்டேன், தரையில் கால் பாவவில்லை அவளுக்கு. எனக்குப் பயம் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் உன்னை நம்புகிறேன். நம்பாமல் ஒரே வீட்டில் எப்படி இருப்பது?

பத்து மணிக்கு வாசலில் நிற்போம்.

இப்படிக்கு,
வாலுவின் அப்பா

*

ஜூன் 18

வாலுவின் அப்பாவுக்கு,

வெள்ளிக்கிழமை வர வேண்டாம்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் உடம்பெல்லாம் சிலிர்த்தது. மரத்துக் கிடந்த மனசில் இத்தனை நாளுக்குப் பிறகு ஒரு சந்தோஷம். வீட்டை நினைத்து, பிள்ளையை நினைத்து என்றுதான் நம்பினேன். மாடிப்படி இறங்கும்போதுதான் புரிந்தது. வீட்டுக்குப் போனதும் முதலில் எந்த அலமாரியைத் திறப்பேன் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஆணையிட்டுப் பொய் சொன்னேன். இன்னும் ஒன்று இருக்கிறது.

இங்கேயே மூன்று மாதம் இருந்துகொள்கிறேன் என்று டாக்டரிடம் சொல்லப் போகிறேன். உங்களுக்கு உடனே ஒரு போன் செய்யவும் கேட்பேன். ஆனால் உங்கள் குரலைக் கேட்டதும், "ஒண்ணுமில்லை, சும்மாதான் கூப்பிட்டேன்" என்று சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. அதனால் இதை முதலில் ஒட்டாமலேயே வார்டன் கையில் கொடுத்துவிட்டுப் போகிறேன். அவர் படித்துவிட்டால் நான் மாற்றிப் பேச முடியாது.

இனி என்னை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நான் சொல்வதை மட்டும் நம்பி இருந்துவிடாமல் வீடு முழுக்கத் தேடிப் பாருங்கள்.

வாலுவின் மழைக்கோட்டில், உள்பையில் இருக்கிறது. மழை வருவதற்குள் எடுத்துவிடுங்கள்.

நர்சம்மா