இடக் கை தூக்கினால் பொய்

நவம்பர் 10, ஞாயிறு

மழை. விடியுமுன் தொடங்கியது, பின்னேரம் வரை அதே சீர். சப்பாத்துக்குள் கடதாசி அடைத்து அடுப்படியில் வைத்திருக்கிறேன். நாளைக்கும் காயாது.

பௌர்ணமி, அமாவாசை என்று பிறைக் கணக்கில் வரும் போயா நாட்கள் வார விடுமுறையான பிறகு ஞாயிறும் பள்ளி நாள்தான். இருட்டில் பூசை பார்த்துவிட்டு ஓட்டம். லத்தீனில் இருந்த கோயில் பூசை இப்போது தமிழில். எல்லாருக்கும் விளங்குகிறது, நல்லது. எனக்குத்தான் வீட்டுக்காரர் மாறிய வீட்டுக்குள் போனது போல.

பள்ளி அதிபர் கூப்பிட்டார். லத்தீன் இந்த வருடத்தோடு சரி. அடுத்த வருடம் சோதனை எழுத ஒரு பிள்ளை இருந்தாலும் வகுப்பை வைத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் நான் ஏழாம் வகுப்புக்குப் பூமிசாஸ்திரம். இருக்கிறாள், காமாட்சி இருக்கிறாள் என்றேன். அவர் சந்தேகமாகப் பார்த்தார். மற்ற நால்வரும் வணிகக் கல்விக்குப் பெயர் கொடுத்தாயிற்று. காமாட்சி மட்டும் லத்தீன். நமுனுகுலைத் தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் மகள், கன்னியாஸ்திரிகளின் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். பெரிய வைத்தியராக வருவாள் என்று தகப்பனுக்கு யாரோ சொல்லி, வைத்தியத்துக்கு லத்தீன் வேண்டும் என்றும் சொல்லி, இங்கே வந்து சேர்ந்தவள். சொன்னவர் வாயில் சர்க்கரை.

இன்று செய்தி வகுப்பு. ஆய்வுகூடத்துக்குப் பின்னால் உள்ள எங்கள் சாமான் அறைக்குள் காலை வைத்தால் லத்தீனைத் தவிர வேறு பேச்சு இல்லை. குடையோடு தாய்மொழியையும் வாசலில் வைத்துவிட்டு வாருங்கள் என்று முதல் நாளே சொன்னேன். திரும்பும்போது மாறி எடுத்துவிட்டால் என்ன செய்வது என்று பரீதா கேட்டாள். துணிக்கடைக்காரர் மகள், வாய் கொஞ்சம் நீளம்.

விளையாட்டு இதுதான். ஆளுக்கொரு வீட்டுச் செய்தி, லத்தீனில். மெய் என்று நினைப்பவர்கள் வலக் கை தூக்க வேண்டும். பொய் என்றால் இடக் கை. கடைசியில் சொன்னவர் எது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். சொன்னவருக்கு வாக்கு இல்லை, எனக்கு உண்டு. ஆரம்பத்தில் வாத்தியாருக்கு முன்னால் இடக் கை தூக்கக் கூச்சப்பட்டார்கள். இப்போது அந்தக் கைதான் அதிகம் எழுகிறது. நன்றாகச் சொன்னவருக்கு ஒரு டொபி.

பரீதா: கடைப் பூனை சேலைக் கட்டின்மேல் குட்டி போட்டது. மெய்.
யோகன் (ஸ்டேஷன் கிளார்க்கின் மகன்): மாடு ஒன்று தெமோதரை வரை டிக்கெட் கேட்டது. பொய். விழுந்து விழுந்து சிரித்தோம்.
காமாட்சி: ஆடுகளை விற்றுவிட்டோம். கோழிகளை மாமாவுக்குக் கொடுத்தோம். கடல் தாண்டிப் போகிறோம். நான் இனி இங்கே வரமாட்டேன்.

ஒரு தடுமாற்றம் இல்லை. அந்தக் காலத்து ரோமாபுரிப் பிள்ளை பேசியது போல. இரண்டு மாதமாக நாங்கள் வாசிப்பதெல்லாம் கப்பல், புயல், நாடு விட்டு நாடு போகிற கதைகள்தான். அதிலிருந்து எடுத்திருக்கிறாள் என்று நினைத்தேன். எல்லாரும் இடக் கை. நானும் இடக் கை. அவள் ஒவ்வொரு கையாகப் பார்த்தாள். பிறகு சிரித்தபடி, பொய்தான் என்றாள்.

டொபி அவளுக்கே. இந்த வருடத்தின் மிகச் சிறந்த லத்தீன் என்றும் சொன்னேன்.

நவம்பர் 11, திங்கள்

தூறல். பூசணிக்காய்க் கறி, மூன்றாம் நாள். வீட்டுக்கார அம்மாவுக்கு யாரோ வண்டியோடு கொடுத்திருக்க வேண்டும்.

நினைத்துப் பார்த்தேன். இந்த ஊரில் நான் லத்தீனில் கேட்டால் லத்தீனில் பதில் சொல்லக்கூடியவர்கள்:
பழைய பங்குத் தந்தை. காது கேட்காது.
காமாட்சி.

குருமடத்தில் சோறு கேட்பதும் லத்தீன், சண்டை போடுவதும் லத்தீன். அதை விட்டு வெளியே வந்தபோது சாமியார் ஆகாததற்கு நான் அழவில்லை. இனி யாரோடு பேசுவேன் என்றுதான் அழுதேன். இந்தப் பிள்ளை வந்த பிறகு அந்தக் குறை இல்லை. போன வருடம் தோட்டத் தொழிலாளர் இருக்கும் லயத்துக்கு லத்தீன் என்ன என்று வகுப்பில் ஒரு வாரம் சண்டை. நீண்ட வீடு என்றான் யோகன். நீளம் வெளியே நிற்கிறவனுக்குத்தான் சேர், உள்ளே இருக்கிறவங்களுக்கு அது ஒரே அறை என்றாள் கா., அதுவும் லத்தீனில். 'ஓரறை வீடு' என்று முடிவானது. கங்காணிக்கு நூற்றுவர் தலைவன் என்று பெயர் வைத்தோம். அவள் தாத்தா கங்காணி. பட்டாளம் இல்லாத தலைவர் என்று சொல்லிச் சிரித்தாள்.

கா. இன்று வரவில்லை. காய்ச்சலாக இருக்கும். இந்த மழைக்கு யாருக்குத்தான் வராது.

செய்ய: குடைக் கம்பி திருத்த. டொபி. நீல மை.

நவம்பர் 12, செவ்வாய்

நாளை போயா, அதனால் அரை நாள் பள்ளி. இன்றும் கா. இல்லை. விடுதிச் சிஸ்டரிடம் ஆள் அனுப்பினேன். தகப்பன் வந்து டிரங்குப் பெட்டியோடு கூட்டிப் போனாராம். பெட்டி எதற்கு?

வகுப்பில் யோகன் எழுந்து லத்தீனில் ஏதோ கட்டிக்கட்டிச் சொன்னான். காமாட்சியின் அப்பா ஸ்டேஷனுக்கு வந்தார். கப்பல் ஏறும் தலைமன்னாருக்கு வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டார். என் இடக் கை பழக்கத்தில் பாதி எழுந்துவிட்டது. அவன் அதைப் பார்த்து அறையின் விதியை மீறினான்.

"சேர், இது விளையாட்டில்லை. அப்பாட்ட வந்து கேட்டவர். வாற திங்கள் எல்லாரும் போகினம்."

அதன்பிறகு என்ன பாடம் நடத்தினேன் என்று நினைவில்லை.

ஆடுகள். கோழிகள். கடல். எல்லாம் மெய். அவள் சொன்னதில் பொய் கடைசிச் சொல் ஒன்றுதான்.

நவம்பர் 13, புதன். போயா

நமுனுகுலைக்கு முதல் பஸ். சன்னல் கண்ணாடி இல்லை, தோள் முழுக்க நனைந்தது. பனிமூட்டத்தில் தோட்டத்து வழி தெரியவில்லை. கொழுந்துக் கூடையோடு வந்த ஒரு அம்மா கூட்டிப்போய் விட்டார். போயாவிலும் அவர்களுக்கு வேலை.

கணக்கப்பிள்ளை மாரிமுத்து வீட்டில் பாதிச் சுவர் வெறுமை. படங்கள் இருந்த இடம் மட்டும் வெளுத்துக் கிடந்தது. கா. என்னைக் கண்டதும் உள்ளே போனவள் வெளியே வரவில்லை. தேத்தண்ணீர் அவளுடைய அம்மா கொண்டுவந்தார்.

கேட்கத்தான் போனேன், கேட்டுவிட்டேன். "பிள்ளையை ஒரு வருசம் விடுதியில விட்டிட்டுப் போங்கோ. சோதினை முடிய நானே கொண்டுவந்து விடுறன்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

"விட்டுட்டுப் போனா அது எந்த நாட்டுப் புள்ளைங்க மாஸ்டர்? இங்க நமக்குப் பேரு இல்ல. அங்க இந்தியாவுலதான் எழுதியிருக்கு. எல்லார் படமும் ஒரே பாஸ்போட்டுல ஒட்டியிருக்கு, அத மட்டும் பிச்சி எடுக்கவா முடியும்?"

எங்கே போகிறீர்கள் என்றேன். துறையூர்ப் பக்கம் என்றார். அவர் பிறந்தது இந்தத் தோட்டத்தில், அவருடைய அப்பாவும் இங்கேதான். துறையூரில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். தெரியவில்லை, போய்ப் பார்க்கணும் என்றார். புதுச் சேலைக்கு மகள் ஆசைப்படுவதைப் பற்றிச் சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாக.

முன்பே எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று வாய்விட்டேன். அவர் திகைத்தார்.

"சொல்லச் சொல்லித்தானே அனுப்புனேன். சொல்லிட்டேன்னுச்சே. மாஸ்டர் டொபி குடுத்தாருன்னு சொல்லுச்சுங்க."

தேத்தண்ணீர் ஆறும்வரை கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா கம்பளிகளை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தார். நாலு கம்பளி. அங்கே மார்கழிக் குளிர் எப்படி இருக்கும் மாஸ்டர் என்று கேட்டார். துறையூர் வெயிலைச் சொல்ல மனம் வரவில்லை. கொண்டுபோங்கள், உதவும் என்றேன்.

நவம்பர் 15, வெள்ளி

வெயில், அதுவும் எரிச்சலாக இருந்தது.

அதிபரிடம் சொன்னேன். அவர் அரசாங்கக் கச்சேரியில் தெரிந்த ஒரு அதிகாரியைக் கேட்டுப் பார்த்தார். கேட்டதே பெரிது. ஒன்றும் செய்ய முடியாதாம், செய்தாலும் பிள்ளைக்குத்தான் கஷ்டமாம். பூமிசாஸ்திரப் புத்தகத்தை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். பாவம், மெதுவாகத்தான் வைத்தார்.

நான் இடக் கை தூக்கிய நாளில் தூக்காமல் இருந்திருந்தால் ஒரு வாரம் கிடைத்திருக்கும். ஒரு வாரத்தில் என்ன செய்திருப்பேன்? ஒன்றுமில்லை. ஆனாலும் அந்தப் பிள்ளை தனியாக இருந்திருக்காது.

பண்டாரவளையில் இருக்கும் தங்கைக்கு எழுத வேண்டும். என்ன எழுதுவது. ஒரு மாணவி போகிறாள், அதற்காகச் சாப்பாடு இறங்கவில்லை என்றா? பைத்தியம் முற்றிவிட்டது என்பாள்.

நவம்பர் 18, திங்கள்

ஸ்டேஷன். போகாமல் இருந்துவிடலாம் என்று பாதி வழி வரை நினைத்துக்கொண்டே போனேன்.

மேடை நிறையத் தோட்டத்துச் சனம். நாலைந்து குடும்பம் போகிறது, வழியனுப்ப மூன்று மடங்கு. செத்த வீடு போல ஒப்பாரி. ஒரு கிழவி ரயில் பெட்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறாள். கார்ட் கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தபடி நின்றார். மூட்டைகள், அம்மிக்கல், பித்தளைக் குடம், கம்பளிகள்.

யோகன் எனக்கு முன்பே வந்திருந்தான். பரீதாவும் அவள் வாப்பாவோடு. வாப்பா ஒரு துணிப் பொதியைக் காமாட்சியின் அம்மா கையில் வைத்து, பெருநாளைக்கு நினைச்சி உடுத்துங்க என்றார். பொங்கலுக்கு என்று திருத்தினாள் பரீதா. இருவரும் சிரிக்கவில்லை.

கா. சன்னலோரம். சடையில் புது ரிப்பன். எவ்வளவோ யோசித்து வைத்திருந்தேன். அவளுக்கு முன்னால் நின்றதும் வந்தது லத்தீன்தான். வேறு மொழியில் அவளோடு நான் பேசியதே இல்லை. ஏன் பொய் என்று சொன்னாய் என்று கேட்டேன்.

அவள் தமிழில் பதில் சொன்னாள். முதல் தடவை.

"எல்லாரும் கையத் தூக்கிட்டீங்க சேர். சேரும் தூக்கிட்டீங்க. அப்ப அது பொய்யாவே இருந்துட்டுப் போகட்டும்னு ஆசையா இருந்திச்சு."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். மன்னிப்புக் கேட்கத்தான். விசில் ஊதிவிட்டது. வண்டி நகர்ந்ததும் ஒப்பாரி இன்னும் பெரிதாக எழுந்தது, அதற்குள் அவள் என்ன சொன்னாலும் எனக்குக் கேட்டிருக்காது. கையை மட்டும் வெளியே நீட்டினாள். வலக் கை. வளைவில் திரும்பும்வரை அது அப்படியே இருந்தது.

வீட்டுக்கு வந்து அழுதேன். எழுதி வைக்கிறேன், வெட்கம் என்ன.

நவம்பர் 19, செவ்வாய்

மழை. ஒன்றும் செய்யவில்லை. குடை இன்னும் திருத்தவில்லை. இன்னேரம் கப்பலில் இருப்பார்கள்.

நவம்பர் 21, வியாழன்

பனிமூட்டம், சன்னலுக்கு வெளியே ஆய்வுகூடம் கூடத் தெரியவில்லை.

செய்தி வகுப்பு. வேண்டாம் என்றுதான் போனேன். நால்வரும் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவளுடைய கதிரையை யாரும் எடுத்து ஒதுக்கவில்லை. பெயர் கூப்பிடும்போது அவள் பெயரையும் கூப்பிட்டுவிட்டேன்.

யாரும் செய்தி சொல்ல எழவில்லை. யோகன் மேசையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான். அப்போது பரீதா, லத்தீனில், இன்றைக்கு நீங்கள் சொல்லுங்கள் என்றாள். இத்தனை வருடத்தில் நான் செய்தி சொன்னதில்லை.

சொன்னேன். சின்னச் சின்ன வாக்கியம், அவளைப் போலவே. காமாட்சி போய்விட்டாள். நான் ஸ்டேஷனில் பார்த்தேன். கடல் தாண்டிவிட்டாள். இனி வரமாட்டாள்.

பிறகு பரீதா இடக் கையைத் தூக்கினாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்த இருவரும் இடக் கை. யோகன் என்னோடு மேடையில் நின்று எல்லாவற்றையும் பார்த்தவன், வளைவு வரை வண்டிக்குப் பின்னால் ஓடியவன். அவனும் இடக் கை.

சொன்னவர் எது என்று ஒப்புக்கொள்ள வேண்டும், நான் போட்ட விதி. நால்வரும் கையை இறக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மணி அடித்தது. அப்போதும் இறக்கவில்லை.

சொன்னவருக்கு வாக்கு இல்லை. இருந்தாலும் என் இடக் கையைத் தூக்கினேன்.