ஆடிக் கிருத்திகை வரை காத்திருந்த செல்கள்

தலையைப் பிடித்து இழுத்துப் பின்னிவிட்டே என்னை வளர்த்த கலாக்காவுக்கு,

இப்போதும் திருத்தணியிலிருந்து மின்சார ரயிலில்தான் வேலைக்குப் போகிறேன். அதே ஆய்வகம், அதே மைக்ரோஸ்கோப். பள்ளிப்பட்டு பஸ் எதிரே வந்தால் இன்னும் ஜன்னல்களைப் பார்க்கிறேன். புகுந்த வீட்டிலிருந்து வரும்போதெல்லாம் சடையை முன்னால் போட்டுப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவாய். "இன்னாடி பாக்குற? உனக்கு வேல கெடைக்கணும்னு வேண்டிகினு வளக்குறேன். பத்திரமா முருகன்கிட்ட குடுக்க வாணாமா?" என்ன அலட்டல்! எனக்கு அது எவ்வளவு பிடிக்கும் தெரியுமா?

வேலை கிடைத்த அடுத்த சித்திரையிலேயே உன் மார்பில் கட்டி. அதன் துணுக்கு என் ஆய்வகத்துக்கே வந்தது. டாக்டரம்மா கூப்பிட்டுக் காட்டினார். ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் இருந்தால், செல்லின் நடுப்பகுதி சாயத்தில் பழுப்பாகும். உன்னுடையதில் ஒன்றுகூட ஆகவில்லை. ஆனால் கட்டிக்குள் எங்கு பார்த்தாலும் குட்டிக் குட்டி நீல உருண்டைகள். எல்லாம் நோயை எதிர்க்கும் செல்கள், கிருத்திகைக் கூட்டம் மாதிரி.

"ஏற்பி இல்லாத கட்டியிலதாம்மா பெரும்பாலும் இதுங்க இவ்ளோ வரும். நல்ல அறிகுறி. சீக்கிரம் மருந்து ஏத்துனா நல்லா கேக்கும்" என்றார்.

நான் ஓடிவந்து, "உன் ஒடம்பே சண்ட போட்டுகினு கீதுக்கா!" என்று குதித்தேன். 'சீக்கிரம்' என்பதைக் கடைசியில்தான் சொன்னேன். நீ சிரித்தாய்.

"அதான் சண்ட போடுதே. ஆடிக் கிருத்திகை வரைக்கும் போடட்டும். மருந்துல முடி கொட்டிட்டா சாமிக்கு இன்னாடி குடுப்பேன்?"

எனக்காக வேண்டிக்கொண்ட முடி. நான் எப்படித் தடுப்பேன்? "ஆங், சரிக்கா" என்றேன்.

மொட்டைத் தலையில் சந்தனத்தோடு மலையிலிருந்து இறங்கியபோது எவ்வளவு அழகாக இருந்தாய்! உன்னைக் கட்டிய பாவாகூட உன்னைப் பார்த்து வெட்கப்பட்டார். மருந்து ஆரம்பித்தபோது நோய் கல்லீரல் வரை போயிருந்தது. சித்திரையிலேயே ஏற்றியிருந்தால் பிழைத்திருப்பாயா? யாரைக் கேட்டாலும் நிச்சயமாகச் சொல்ல முடியாது என்கிறார்கள்.

அக்கா, இப்போது எனக்கும் கட்டி. போன வாரம் நானே மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். எல்லாம் பழுப்பு. நீல உருண்டைகள் அங்கொன்றும் இங்கொன்றும்தான். உனக்கு அவ்வளவு பேர் வந்தார்களே, எனக்கு யாருமே வரவில்லையே என்று அசடு மாதிரி அழுதேன். "உங்க அக்காவுது வேற, உன்னுது வேற. ஏற்பி இருக்குற கட்டியில இதுங்க கம்மியாதான் வரும். உனக்கு ஆபரேஷன், அப்புறம் ஹார்மோனைத் தடுக்குற மாத்திரை" என்று டாக்டரம்மா திட்டினார். இருந்தாலும் பயமாகத்தான் இருக்கிறது.

வருகிற புதன்கிழமை ஆபரேஷன். நேற்று அம்மா, "கிருத்திகை வருதும்மா. காவடி எடுத்துட்டு அப்பறமா போலாமே" என்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "மாட்டேம்மா" என்றேன். அவள் இன்னும் என்னிடம் பேசவில்லை.

புதன்கிழமை நான் போய்ப் படுத்துவிடுவேன் அக்கா, சத்தியமாக. அந்த 'மாட்டேன்' அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டியது.

உன் பேச்சுக்கெல்லாம் சரி சொன்ன தங்கை,
அமுதா