அன்று படகு ஆடியது உங்களால் அல்ல

என்னங்க,

முப்பது வருடம் உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். கடிதத்தில் மட்டும் வேறு எப்படிக் கூப்பிடுவது? எங்கே இருந்தாலும் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். நாலு பேர் முன்னால் உங்களை ஏசியவள் நான். அதனால்தான் நாலு பேர் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

போன சனிக்கிழமை உங்கள் மோட்டார் படகை வாங்கலாமா என்று பார்க்க, பந்திங்கிலிருந்து ஒருவர் வந்தார். ரோஸ்லான் என்று பெயர். ஹஜ் போய் வந்த மலாய்க்காரர், மதுவின் வாசமே அறியாதவர். ஓட்டிப் பார்க்கிறேன் என்று ஏறினார். நானும் நம் மகள் கவிதாவும் கிள்ளானில் படகுகள் கட்டும் அதே ஜெட்டியில், அன்றைக்கு நான் நின்ற அதே இடத்தில் நின்றோம்.

கட்டிக் கிடந்த படகுகளுக்கு நடுவே அவர் மெதுவாகத்தான் போனார். கொஞ்ச தூரத்திலேயே படகின் முன்பக்கம் இடது பக்கமாக ஒதுங்கியது. ஸ்டீயரிங்கைத் திருப்பினார், வலது பக்கம் ஓடியது. மறுபடியும் இடது. அச்சு அசலாக அன்றைக்கு நீங்கள் வந்த மாதிரியே இருந்ததுங்க.

பத்துமலை முருகனுக்குப் பால்குடம் எடுத்து, இனிமேல் குடிக்கமாட்டேன் என்று நீங்கள் சத்தியம் செய்து அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. நான்தான் நம்பவில்லை. ஷா ஆலமில் வேலை முடிந்து நீங்கள் வீட்டுக்கு வந்தால், முதலில் உங்கள் வாயை மோந்து பார்ப்பேன். அன்று எல்லோருமாக மீன் பிடிக்கக் கிளம்பினோம். உங்கள் அண்ணனும் அண்ணியும் ஜெட்டியில் காத்திருக்க, நீங்கள் படகை எடுத்து வந்தீர்கள், வளைந்து வளைந்து.

"பாத்தீங்களா மாமா, மறுபடியும் ஆரம்பிச்சிட்டாரு! போட் வர்ற லட்சணத்தப் பாருங்க" என்று உங்கள் அண்ணனிடம் கத்தினேன்.

"மெதுவா வந்தா போட் அப்படித்தான்லா ஆடும், சாந்தி. நான் கோப்பிதான் குடிச்சேன்" என்று பிளாஸ்கைத் தூக்கிக் காட்டினீர்கள்.

"போட் மேல பழியப் போடாதீங்க!" என்றேன். அண்ணி சிரித்தார். அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். நீங்கள் பிளாஸ்கைக் கீழே வைத்துவிட்டு, படகைக் கட்டிவிட்டுக் காரில் போய் உட்கார்ந்துகொண்டீர்கள். அதற்குப் பிறகு படகுப் பக்கமே போகவில்லை. ஐந்தாவது மாதம் மாரடைப்பில் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சொல்ல நாக்கு கூசுகிறது. பதினாறாம் நாள் படையலுக்கு உங்கள் அண்ணன் ஒரு பீர் பாட்டில் வாங்கி வந்தார். போனவருக்குப் பிடித்ததை இலையில் வைப்பதுதானே நம் வழக்கம். "பாவம், ஆசையா குடிப்பான்லா" என்றார். வேண்டாம் என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூடியைத் திறந்து இலையில் வைத்ததே இந்தக் கைதான்.

ரோஸ்லான் திரும்பி வந்ததும், படகில் ஏதாவது கோளாறா என்று எனக்குத் தெரிந்த மலாயில் கேட்டேன். அவர் சிரித்தார். மெதுவாகப் போனால் எல்லா மோட்டார் படகும் இப்படித்தானாம். பின்னால் இருக்கிற இன்ஜின் வேகமாகத் தண்ணீரைத் தள்ளினால்தான் படகு உடனே சொன்ன பேச்சுக் கேட்குமாம். மெதுவாகப் போகும்போது பிடிமானம் கிடையாது. சின்னக் காற்று அடித்தாலும் ஒதுங்கும், திருப்பினாலும் சற்றுப் பொறுத்துத்தான் திரும்பும். அதற்குள் பொறுக்காமல் இன்னும் திருப்பினால், மறுபக்கம் அதிகமாக ஓடிவிடும்.

என் முகத்தில் என்ன தெரிந்ததோ, நீங்களே ஓட்டிப் பாருங்கள் என்றார். ஏறினேன். காலையில் ஒரு தேத்தண்ணி குடித்ததோடு சரி, ஆனால் படகு தள்ளாடியது பாருங்கள், அப்படித் தள்ளாடியது! ஜெட்டியிலிருந்து கவிதா, "ம்மா, குடிச்சிட்டு ஓட்டுற மாதிரியே இருக்கு!" என்று சிரித்தாள். சொல்லி முடித்ததும் அவள் முகம் மாறிவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஆடுறதுக்கெல்லாம் ஸ்டீயரிங்கத் திருப்பித் துரத்தாதீங்க அக்கா. கொஞ்சம் விடுங்க, அதுவே நேரா வரும்" என்று மலாயில் சொன்னார் ரோஸ்லான். கையைத் தளர்த்தினேன். வந்ததுங்க. ஆடி ஆடி, ஆனால் நேராகவே வந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

ஏங்க, "இந்தா, நீயே ஓட்டிப் பார்" என்று நீங்கள் ஏன் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை? சொன்னாலும் இவள் கேட்கமாட்டாள் என்று விட்டுவிட்டீர்களா?

அடுத்த மாதம் உங்கள் வருடப் படையல். அது முடிந்த பிறகு படகை எடுத்துக்கொள்ளச் சொல்லி ரோஸ்லானிடம் கேட்டிருக்கிறேன், சரி என்றார். படையலன்று காலையில் உங்கள் அண்ணனையும் அண்ணியையும் அதே ஜெட்டிக்குக் கூட்டிப் போவேன். அவர்கள் பார்க்க நானே படகை மெதுவாக ஓட்டி வருவேன். சிரிக்கட்டும். சிரித்து முடித்ததும் என் தப்பைச் சொல்வேன்.

இந்த முறை உங்கள் இலையில் பாட்டில் வைக்க யாரையும் விடமாட்டேன். நீங்கள் தூக்கிக் காட்டிய பிளாஸ்க் அன்று வைத்தபடியே படகில் சீட்டுக்கு அடியில் கிடந்தது. திறந்தேன். அப்போதும் முதலில் மோந்துதான் பார்த்தேன், என் புத்தியைப் பாருங்கள். கோப்பி வாசம்தான் அடித்தது. அடியில் கறை காய்ந்து போயிருந்தது. கழுவ மனசு வரவில்லை. ஆனாலும் கழுவி வைத்திருக்கிறேன். சீனி குறைத்து, சூடாக, நானே கோப்பி கலக்கி, அதில் ஊற்றி உங்கள் இலைக்குக் கொண்டு வருவேன்.

உயிரோடு இருந்தபோது உங்களை நம்பாத,
உங்கள் மனைவி சாந்தி,
கிள்ளான்.