எல் நோகாலில் சாப்பாடு நன்றாயில்லை

மில்பிடாஸ்
12 நவம்பர் 2000

அன்புள்ள நஞ்சுண்டா,

உன் கடிதம் கிடைத்தது. ஈமெயிலில் தமிழ் ஒழுங்காக வருகிற வரைக்கும் நமக்குத் தபால்காரர்தான் கதி. கோயம்புத்தூர் ஹாஸ்டலில் ஒரே அறையில் நாலு வருஷம் சண்டை போட்டது போதாதென்று, இப்போது ஸ்டாம்ப் ஒட்டிச் சண்டை போடுகிறோம்.

ஹூஸ்டனில் சாப்பிட்ட என்சிலாடாவைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறாய். மஞ்சள் சீஸை உருக்கி ஊற்றி, அதன்மேல் கறிக்குழம்பாம். அடே, அது மெக்ஸிகோ சாப்பாடே இல்லை. அசல் வேண்டுமானால் இங்கே வா. கிழக்கு சான் ஹோஸேயில் 'எல் நோகால்' என்று ஏழு மேஜைக் கடை ஒன்று இருக்கிறது. மெக்ஸிகோவில் மிச்சோவாகான் பக்கத்திலிருந்து வந்த எல்வீரா என்கிற அம்மாள் நடத்துகிறாள். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து அரைத்து, கையாலேயே டோர்ட்டியா ரொட்டி தட்டுகிறாள். கல்லிலிருந்து எடுத்த சூட்டோடு வெறும் உப்பைத் தூவித் தின்றுபார், பிறகு பேசு.

மாமிசம் தொடாத என் கஷ்டம் உனக்குத் தெரியும். பீன்ஸில் பன்றிக் கொழுப்பு. அது இல்லாமல் செய்ய முடியுமா என்று கேட்டால், எல்வீரா சிரிக்கிறாள். அதனால் எனக்கு டோர்ட்டியாவும் சல்சா என்கிற மிளகாய்ச் சட்னியும்தான்.

ஜலஜாவுக்கு ஐந்தாம் மாதம். ஜனவரியில் திருச்சிக்கு, அவள் அம்மா வீட்டுக்கு அனுப்புகிறேன். பிரீத்தாவிடம் சொல்.

சண்டைக்குக் குறைவில்லாத அன்புடன்,
வாஞ்சி


ஹூஸ்டன்
3 டிசம்பர் 2000

அருமை வாஞ்சி,

ஜலஜா விஷயம் கேட்டு வீடே சந்தோஷப்பட்டது. அந்தச் சந்தோஷத்தில் உன்னை மன்னித்துவிடலாம் என்று பார்த்தேன், முடியவில்லை.

டெக்ஸாஸே ஒரு காலத்தில் மெக்ஸிகோதானே? இங்கிருந்த ஜனங்கள் எங்கேயும் போகவில்லை. எல்லைக்கோடுதான் அவர்களைத் தாண்டிப் போனது. அவர்கள் அடுப்பில் வேகிறதை 'அசல் இல்லை' என்று சொல்ல நீ யார்? பன்றிக் கொழுப்புக்குப் பயந்து பீன்ஸைத் தொடாதவன் அசலைப் பற்றிப் பேசலாமா? பிரீத்தா உன் கடிதத்தைப் படித்துவிட்டு, "ஏங்க, குழந்தை வரப்போகுதுங்கிறது கடைசி ரெண்டு வரி, மத்ததெல்லாம் ரொட்டியா? நல்ல ஃப்ரெண்ட்ஸ்!" என்றாள்.

எங்கள் ஆபீஸில் சிலரை அனுப்பிவிட்டார்கள். உங்கள் பக்கம் எப்படி?

தோற்க மறுக்கும்,
நஞ்சுண்டன்


சான் ஹோஸே
25 மார்ச் 2001

அன்புள்ள நஞ்சுண்டா,

பெண் பிறந்திருக்கிறாள். பதினோராம் தேதி. ஜலஜா போனில், "என்னங்க, மூக்கு அப்படியே உங்களுது. எப்ப வரீங்க?" என்றாள். ப்ராஜெக்ட் முடியட்டும் என்று சொன்னேன்.

ப்ராஜெக்ட் இல்லை. பிப்ரவரி ஒன்பதாம் தேதி எங்கள் பிரிவையே மூடிவிட்டார்கள். மானேஜர் கைகுலுக்கி, இதில் தனிப்பட்ட முறையில் எதுவும் இல்லை என்றார். வேலையோடு விசாவும் போயிற்று. கிரீன் கார்டுக்கு எழுதிப்போட்டதும் அதோடு சரி. அபார்ட்மெண்டைக் காலி செய்துவிட்டு இங்கே ஓர் அறையில் இருக்கிறேன். ஜலஜாவுக்குத் தெரியாது. என் ரெஸ்யூமேயை இதோடு வைத்திருக்கிறேன். உன் டைரக்டரிடம் கொடுப்பாயா? விசாவை மாற்றிக்கொள்ள அவர்கள் சம்மதித்தால் நாளைக்கே பஸ் ஏறி வருகிறேன்.

சல்சாவுக்கு வற்றல் மிளகாயைக் கல்லில் பத்து நொடிக்கு மேல் விடக்கூடாது தெரியுமா? கசந்துவிடும். ஐம்பது பேருக்குச் செய்யும்போது கண்ணெரிச்சல் சாயங்காலம் வரை போகாது. பன்றிக் கொழுப்பில் வதக்கிய பீன்ஸும் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

உன்னை நம்பி,
வாஞ்சி


ஹூஸ்டன்
22 ஏப்ரல் 2001

அருமை வாஞ்சி,

பாப்பாவுக்கு எங்கள் முத்தங்கள். மற்ற செய்தியைப் படித்துவிட்டு இரண்டு நாள் எனக்கு எதுவும் ஓடவில்லை. ரெஸ்யூமேயை டைரக்டரிடம் கொடுத்துவிட்டேன். இப்போது புதிதாக ஆளெடுக்கவில்லை, ஆனாலும் பார்க்கிறேன் என்றிருக்கிறார். தைரியமாக இரு.

நீ பீன்ஸ் சாப்பிட்டாயா! இந்தக் கூத்தை நேரில் பார்க்க வேண்டும். ஜூனில் நாலு நாள் டிரெயினிங்குக்குச் சான் ஹோஸே வருகிறேன், ஆபீஸ் ஆட்கள் மூன்று பேரோடு. எல்லோரையும் உன் எல் நோகாலுக்குக் கூட்டிப்போ.

மாறாத,
நஞ்சுண்டன்


சான் ஹோஸே
6 மே 2001

அன்புள்ள நஞ்சுண்டா,

நீ வருவது சந்தோஷம். ஆனால் எல் நோகால் வேண்டாம். அங்கே இப்போது சாப்பாடு நன்றாயில்லை. டோர்ட்டியாவைப் பாக்கெட்டில் வாங்குகிறார்கள், சல்சா தண்ணீர். நம்பிக் கூட்டி வந்து எனக்குத்தான் அவமானம். ஆட்களை டவுன்டவுனில் எங்காவது கூட்டிப்போ. நாம் இருவரும் ஞாயிற்றுக்கிழமை மில்பிடாஸில் இட்லி சாப்பிடலாம். வந்ததும் போன் செய். நம்பர் உறையின் பின்னால் எழுதியிருக்கிறேன். அறைக்கு வரவேண்டாம், இடம் சின்னது.

டைரக்டர் ஏதாவது சொன்னாரா?

வாஞ்சி


ஹூஸ்டன்
24 ஜூன் 2001

அருமை வாஞ்சி,

உன்னிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது? டிரெயினிங்கில் மூச்சுவிட நேரமில்லை. காலை எட்டிலிருந்து ஒரே அறை. நாலு நாளும் மதியம் ஹோட்டல் சாண்ட்விச்தான். ஞாயிற்றுக்கிழமை மீட்டிங் இருக்கிறது என்று சனிக்கிழமையே கிளம்ப வைத்துவிட்டார்கள். போன் செய்யக்கூட முடியவில்லை. அடுத்த தடவை கட்டாயம் சந்திப்போம்.

ரெஸ்யூமே மேலே போயிருக்கிறது. கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன்.

என்றும்,
நஞ்சுண்டன்


8 ஜூலை 2001

அன்புள்ள நஞ்சுண்டன்,

மேலே முகவரி எழுதவில்லை. அறையைக் காலி செய்தாயிற்று.

ஜூன் பதினான்காம் தேதி, வியாழக்கிழமை மதியம் நீ எல் நோகாலுக்கு வந்தாய். உன்னோடு வந்தவர்களில் யாரோதான் இழுத்து வந்திருக்க வேண்டும். நீயாக வந்திருக்க மாட்டாய். நான் எழுதினால் நம்புகிறவன் நீ. பரிமாறுகிற பெண் அன்று வரவில்லை. தட்டுகளை வெளியே எடுத்துப்போ என்றாள் எல்வீரா. மார்ச்சிலிருந்து, விசாப் பேப்பர் எதுவும் கேட்காமல், வெங்காயம் நறுக்கவும் மிளகாய் அரைக்கவும் என்னை வைத்துக்கொண்டவள் அவள். மாட்டேன் என்று எப்படிச் சொல்வேன்? ஏப்ரனோடு கதவைத் தள்ளிக்கொண்டு வந்தேன்.

முதலில் உன் குரல்தான் கேட்டது. டோர்ட்டியாவைப் பிய்த்துக்கொண்டே மற்றவர்களிடம், இதுதான் அசல், நம் ஹூஸ்டனில் கிடைக்காது என்று சொல்லிக்கொண்டிருந்தாய். இந்த ஒரு வார்த்தைக்காக இத்தனை காலமாக உன்னோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். அப்புறம் நிமிர்ந்தாய். என்னைப் பார்த்தாய். மெனுவை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாய்.

உன்னைத் திட்டுவதற்காகத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். நாலு முறை எழுதிக் கிழித்தேன். உண்மையைச் சொன்னால், நீ மெனுவை எடுப்பதற்கு முன்பே நான் திரும்ப ஆரம்பித்துவிட்டேன். தட்டுகளோடு உள்ளே வந்து நின்றவனை எல்வீரா பார்த்தாள். வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, "அமிகோ?" என்று கேட்டாள். நண்பனா என்று அர்த்தம்.

"நோ" என்றேன்.

அப்படியும் ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அது அடித்திருந்தால், எதுவுமே நடக்காத மாதிரி பேசியிருப்பேன். நீயும் பேசியிருப்பாய். அது அடிக்கவில்லை. பத்து நாள் கழித்து உன் சாண்ட்விச் கடிதம் வந்தது.

நானும் உனக்கு உண்மையை எழுதவில்லை. அதனால் கோபம் இல்லை. ஆனால் இனி நாம் எழுதிக்கொள்ள வேண்டாம். எழுத உட்கார்ந்தால் இரண்டு பேருமே அந்த மதியத்தைச் சுற்றிச் சுற்றித்தான் போவோம். ரெஸ்யூமேயைப் பற்றியும் யாரிடமும் கேட்க வேண்டாம். பிரீத்தாவுக்கு எதுவும் தெரியாமல் இருந்தால் அப்படியே இருக்கட்டும்.

புதன்கிழமை விமானம் ஏறுகிறேன். இந்த விசாவில் இனித் திரும்பி வர முடியாது. ஜலஜாவிடம் பதினைந்து நாள் லீவில் வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

"பதினஞ்சு நாள்தானா?" என்று போனிலேயே அழுதாள்.

வாஞ்சிநாதன்