மயில் டாலரின் வளையம்

செவ்வாய், கிருத்திகை

முருகனைக் கும்பிட மலைக்கு வந்த சுகன்யா என் பட்டறைக்கும் வந்தாள். போன மாதம் தனக்கென்று வாங்கிப்போன செம்பு மயில் டாலர் இப்போது அவள் குழந்தையின் கழுத்தில் இருந்தது.

"பல்லு மொளைக்குதுக்கா. எந்நேரமும் இதத்தான் கடிச்சிகினு கீது" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அன்று அந்த டாலருக்கு எனாமல் சுட்டபோது சூளையிலேயே வளையம் கழன்றுவிட்டது. மறுபடி நெருப்புக் காட்டினால் மயிலின் நீலம் வெடித்துவிடும் என்று, ரேடியோ ரிப்பேருக்கு வைக்கும் ஈயத்தால் ஒட்டிக் கொடுத்தேன். ஈயம் விஷம் என்று எனக்குத் தெரியும். வளர்ந்தவள் போடப்போவதுதானே என்று இருந்துவிட்டேன்.

"கழட்டிக் குடும்மா" என்று வாய் வரை வந்தது. அதற்குள், "வளையம் நல்லா கெட்டியா கீதுக்கா" என்றாள்.

அவள் போன பிறகு, ராத்திரி மூன்று முறை போனை எடுத்தேன்; கூப்பிடாமலே வைத்தேன். குழந்தை தூங்கியிருக்கும். தூங்கும்போது அதைக் கழற்றி வைப்பாளா என்றாவது கேட்டிருக்கலாம்.