ஒரு வாளிப் புதுத்தண்ணீர்

மாப்ளே,

உன் காரின் இடது முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்திருக்கிறேன். கையெல்லாம் பெயின்ட் கரைக்கும் தின்னர் வாசம். சக்கரத்துக்குப் பின்னால் பிரேக் பிடிக்கும் அந்த இரும்புக் கவ்வி, காலிப்பர் என்று நீ வாய் நிறையச் சொல்வாயே, அதில் நீ அடித்த சிவப்பு அப்படியே இருக்கிறது. அதன் மேலே பளபளப்புக்காகப் பூசிய நிறமில்லாத கிளியர் கோட்தான் உரிந்து தொங்குகிறது. நகத்தால் நெம்பினால் வெங்காயச் சருகு போலக் கையோடு வருகிறது. ஒன்றை வெயிலில் தூக்கிப் பிடித்தேன். அதன் வழியே உன் வீட்டு முற்றம், தென்னை, கொடியில் காயும் துணி எல்லாம் தேன் நிறத்தில் மிதந்தன.

குவைத்தில் பன்னிரண்டு வருஷம் கார்களுக்குப் பெயின்ட் அடித்துவிட்டு, இனிப் போவதில்லை என்று நீ வந்த வருஷம் அடித்த பெயின்ட் அது. ஊரில் கார்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. கூத்தாநல்லூரிலேயே பட்டறை போடப்போகிறேன் என்றாய். பழைய கார் ஒன்றை வாங்கி, உன் வேலைக்கு அதுவே சாட்சி என்று பத்து நாள் அதன் மேலேயே கிடந்தாய். சக்கரத்துக்குள் ஒளிந்திருக்கும் சாமானுக்கு எதற்கடா இந்த அலங்காரம் என்று கேலி செய்தேன். "தெரியாத எடத்துலதான்டா வேல தெரியும்" என்றாய்.

வேலை முடிந்ததும் திருப்பனந்தாள் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தோம். வழியெல்லாம் ஆடு, மாடு, குறுகல் பாலம். நீ பிரேக்கிலேயே காலை வைத்திருந்தாய். ஊர் எல்லையில் வாய்க்கால் கரையோரம் நிறுத்தினோம். அப்போதுதான் அணை திறந்து அந்த வருஷத்துப் புதுத்தண்ணீர் வந்துகொண்டிருந்தது. நுரையும் சருகும் செத்தையுமாக, வெடித்த மண்ணை நனைத்து நனைத்து, அவசரமே இல்லாமல் வந்தது. நனைந்த மண்ணின் வாசத்தில் எனக்குத் தலை கிறுகிறுத்தது. சாயங்கால அசர் தொழுகைக்கு நேரமாகிவிட்டதென்று இறங்கிய நீ, "பிரேக் சூடு ஆறட்டும்டா, அதுவரைக்கும் சக்கரத்துப் பக்கம் போவாத" என்று சொல்லிவிட்டுப் பள்ளிவாசலுக்கு நடந்தாய்.

எங்கள் வீட்டில் புதுத்தண்ணீர் வந்தால் மாட்டுக்கு ஒரு வாளி, கலப்பைக்கு ஒரு வாளி, வாசற்படிக்கு ஒரு வாளி என்று மங்கலமாக ஊற்றுவோம். டிராக்டர் வந்த பிறகு அதற்கும் ஒரு வாளி. உன் காருக்கு மட்டும் இல்லாமலா? டிக்கியிலிருந்த வாளியில் மொண்டு, வாய்க்கால் பக்கமிருந்த இடது முன்சக்கரத்தில் ஊற்றினேன். சுர்ரென்று ஆவி எழுந்தது. அந்த ஆவியில் வெயில் பட்டு, ஒரு நொடி எனக்கு எல்லாமே அழகாக இருந்தது. நீ திரும்பி வருவதற்குள் காய்ந்துவிட்டது. நானும் வாயைத் திறக்கவில்லை.

ஒரு வாரத்தில் உரிய ஆரம்பித்தது. அதே வாரத்தில்தான் ஒரத்தநாட்டிலிருந்து உன் முதல் வாடிக்கையாளர் காரோடு வந்தார். நாலு பேரைக் கேட்டு உன்னைத் தேடி வந்தவர். உன் வீட்டுக் கொட்டகையில் தன் வலது பக்கம் சுவரை ஒட்டியிருக்க நின்றிருந்த உன் காரை முன்னும் பின்னுமாகப் பார்த்தார். இடது சக்கரத்தருகே குனிந்தவர், "இது ஏன் தம்பி இப்படி உரியுது?" என்று கேட்டார். நீ என்னைப் பார்த்தாய். நான் தென்னையைப் பார்த்தேன். பிறகு நீயே சொன்னாய்: "ரெண்டு பக்கமும் கழட்டிப் பாத்துட்டேங்க. என் கைதான் இன்னும் இந்த ஊருக்குப் பழகல."

அவர் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கைராசி இல்லாத கை என்று ஊரில் பேச்சாயிற்று. அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. மூன்று மாதம் பார்த்துவிட்டு நீ மறுபடி குவைத்துக்குப் போனாய். நெஞ்சுவலி வந்தது அங்கே, அடக்கம் செய்ததும் அங்கே. ஒரு பிடி மண் போடக்கூட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

இன்று காரை வெளியே இழுத்தோம். உன் மகள் ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கிறாள், அத்தாவின் கார்தான் வேண்டுமாம். வலது சக்கரத்தைக் கழற்றி அந்தப் பக்கத்துக் காலிப்பரின் தூசியைத் துடைத்தேன். என் முகம் தெரிந்தது மாப்ளே. ஒரு கீறல் இல்லை, ஒரு கொப்புளம் இல்லை. அதே நாள், அதே டப்பா, அதே கை. இரண்டு பக்கமும் கழற்றிப் பார்த்தவன் நீ. அப்படியானால் குறை உன் கையில் இல்லை, காரோடு தனியாக நின்ற என்னிடம்தான் என்று அன்றே உனக்குத் தெரிந்திருக்கிறது. நான் சொல்வேன் என்றுதான் என்னைப் பார்த்திருக்கிறாய். இத்தனை வருஷமாக உன்னிடம் மறைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேனே, வெட்கமாக இருக்கிறது.

இடது பக்கத்தை உப்புத்தாளால் தேய்க்க ஆரம்பித்தபோது உன் மகள் பக்கத்தில் வந்து குந்தினாள். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "இது மட்டும் ஏன் மாமா உரிஞ்சிருக்கு? அத்தாவுக்குக் கை சரியில்லன்னு சொல்லுவாங்களே, அதுவா?"

தென்னை அங்கேயேதான் நின்றது. நான் அதைப் பார்க்கவில்லை.

"உங்க அத்தா கை சரியாத்தாம்மா இருந்துச்சு. சூடு ஆறுறதுக்குள்ள தண்ணி ஊத்துனது நான்."