பூட்டிய கழிவறையும் ஒரு தீர்மானமும்

வெள்ளி, இரவு

“இது பொய் சார்” என்று நான் சொல்லவில்லை.

பெண்பிள்ளைகளுக்குக் கட்டிய கழிவறை மூன்று மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது. என் மகள் பள்ளியில் தண்ணீரே குடிப்பதில்லை. இன்றைய பெற்றோர் குழுக் கூட்டத்தில் தலைமையாசிரியர் நீட்டிய தீர்மானப் புத்தகத்தில் ‘கழிவறை பயன்பாட்டில் உள்ளது’ என்று முன்பே எழுதியிருந்தது.

“ஆபீசர் வர்ற வரைக்கும் புதுசாவே இருக்கட்டும்மா” என்றார்.

“அவரு இன்னா, பொண்ணு பாக்கவா வராரு?” என்று கேட்ட குழுத் தலைவி தேவகி அக்கா, என்னிடம் திரும்பினார். “இன்னா எழுதிக்கீதுமா?”

படித்துக் காட்டினேன். இவ்வளவு புத்தகம் படித்தவள், பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்தும் போட்டேன். தலைமையாசிரியர்மேல் வந்த கோபமெல்லாம் இப்போது என்மேல் இருக்கிறது.

“அப்போ பூட்டு இன்னாத்துக்கு?” என்றார் அக்கா. கையெழுத்துப் போடாமல் எழுந்து போய், கல்லால் பூட்டை உடைத்தார்.